ரசக் கிண்ணமும் ஒரு கோச்சும்

பணக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசைப்பட்ட கலையைக் கற்கக் கிளம்பியவர்களின் கதைகள் நிறையப் படித்திருக்கிறேன். தேடல் இருக்கும், தவிப்பு இருக்கும், கடைசியில் கைதட்டலும் இருக்கும். என்ன செலவாயிற்று என்பது மட்டும் இருக்காது. நான் கடலூரில் ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவள். வவுச்சர் இல்லாத செலவைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே: கோச்சுக்கு, அதாவது கேள்வி கேட்டுக் கேட்டே என்னைக் காரியத்தில் இறக்கிவிட்டவருக்கு, ஒரு மணி நேரத்துக்கு 2,000 ரூபாய், மாதம் இரண்டு முறை. புதுச்சேரியில் மண்பாண்ட வகுப்புக்கு மாதம் 4,500. களிமண்ணும் சூளைக் கூலியும் அதில் அடக்கம். பஸ், டீ, ஈர மண் காயாமல் சுற்றி வைக்கிற பாலித்தீன் கவர், முதுகுவலித் தைலம் எல்லாம் இதரச் செலவு. கட்டிக்கொண்டிருந்த ஒரு சீட்டை நடுவில் தள்ளி எடுத்துச் சமாளித்தேன். வீட்டுக்காரர் பைக்குக்குக் கட்டும் தவணையோடு ஒப்பிட்டால் பெரிய தொகை இல்லை என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு அது மலையாகத் தெரிந்தது.

ஆபீசில் ஒரு நாள் பேச்சுவாக்கில், "எனக்கு ஒரு கோச் இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து சீட் அக்கா உடனே, "பொண்ணு நீட் எழுதப் போகுதா?" என்றார். என் பெண் எட்டாவது படிக்கிறாள். "இல்லக்கா, எனக்குத்தான்." அவர் யோசித்தார். "டிஎன்பிஎஸ்சியா? வயசு தாண்டியிருக்குமே!" சட்டி பானை செய்யக் கற்கிறேன், அதற்குத் தைரியம் வேண்டி ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சும்மா, மனசுக்கு" என்று சொல்லி ஃபைலைத் திறந்துகொண்டேன்.

என்ன ஆசை என்று கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லலாம்: ரசக் கிண்ணம்.

புதுச்சேரியில் பீங்கான் பாண்டங்களுக்கும், உயர்ந்த வெப்பத்தில் கல் மாதிரி சுட்டெடுக்கும் ஸ்டோன்வேர் பாண்டங்களுக்கும் குறைவே இல்லை. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பழகியவர்கள் தனித்தனிப் பட்டறை வைத்தார்கள், அவர்களிடம் கற்றவர்கள் இன்னும் சில வைத்தார்கள். இன்றைக்குப் புதுச்சேரி, ஆரோவில் பக்கம் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் சாம்பல், நீலம், தவிட்டு நிறத்தில் பாண்டங்கள் வரிசையாக நிற்கும். அழகுக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் வரிசையைப் பாருங்கள்: காபி மக், சாலட் பவுல், பாஸ்தா தட்டு, சோயா சாஸ் ஊற்ற ஒரு குட்டிக் கிண்ணம். நம் வீட்டில் தினமும் சாப்பிடுவதற்கு அங்கே இடம் கிடையாது. ரசத்தை டம்ளரில் ஊற்றினால் விரல் சுடும், அகலக் கிண்ணத்தில் ஊற்றினால் ஆறிப்போகும். கொஞ்சம் குழிந்து, வாய் லேசாக உள்வாங்கி, உதடு படும் இடம் மெல்லிசாக, அடியில் பிடிக்க ஒரு வளையத்தோடு ஒரு கிண்ணம் இருந்தால் என்ன என்று வருஷக்கணக்காக எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் டைரியின் பின்பக்கங்களில் வரைந்துகூட வைத்திருந்தேன்.

இந்த ஆசைக்கு ஒரு பழைய வேரும் உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ், தவளக்குப்பம் தாண்டி அரியாங்குப்பத்தைக் கடக்கும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஆற்றோரமாக, பழைய துறைமுக ஊரான அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்புத் தட்டுகளின் துண்டுகளும் மது கொண்டுவந்த ஜாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. கூடவே, உட்புறம் வட்டவட்டமாகப் புள்ளி வரி ஓடும் மெல்லிய தட்டுகள். ரோமிலிருந்து வந்ததாகவோ அதைப் பார்த்துச் செய்ததாகவோ அவற்றை நெடுங்காலம் நினைத்தார்கள். பிற்பாடு மண்ணைப் பரிசோதித்தவர்கள் அவை இந்திய மண்ணில் செய்தவையே என்றார்கள். கல்லூரிக் காலத்தில் புதுச்சேரி அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று அரிக்கமேட்டு ஓடுகளைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. ரோமாபுரி வணிகத்தை எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அந்தத் தட்டில் சோறு போட்டார்களா, குழம்பு ஊற்றினார்களா என்றுதான் கேட்கத் தோன்றியது.

சரி, இவ்வளவு ஆசை இருந்தும் ஏன் போகவில்லை?

தன் மேல் நம்பிக்கை இல்லாததைப் பற்றி இணையத்தில் தேடினால் எல்லாரும் ஒரே பெயரைச் சொல்கிறார்கள், இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று. 1978இல் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதியது அது. அவர்கள் பேசியது படிப்பிலும் வேலையிலும் நன்றாகச் சாதித்த பெண்களைப் பற்றி. இவ்வளவு செய்தும், ‘நான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள் குட்டு உடைந்துவிடும்’ என்று பயந்தவர்கள் அவர்கள். சிண்ட்ரோம் என்றுகூட அவர்கள் எழுதவில்லை. நோயாக்கியது பின்னால் வந்தவர்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குட்டு உடைய எனக்கு ஏதாவது இருந்தால்தானே! ஒரு கிண்ணம்கூடச் செய்யாதவள் நான். என் சந்தேகம் அதற்கும் முந்தின படியில் நின்றது. வாசலைத் தாண்டலாமா என்பதே கேள்வி.

அந்தச் சந்தேகம் அழுதுகொண்டு வராது. மிகவும் பொறுப்பான குடும்பத் தலைவர் மாதிரி வரும். "பெண் பத்தாவது முடிக்கட்டும்." "அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆகட்டும்." "மழைக்காலத்தில் போய் யாராவது மண் வேலை கற்பார்களா?" ஒவ்வொன்றும் நியாயம். அதனால்தான் அதை எதிர்த்துப் பேச முடியாமல் போயிற்று.

கோச் கிடைத்தது தற்செயல். சென்னையில் ஐடி கம்பெனியில் எச்ஆரில் இருக்கும் என் சித்தி மகள், அவர்கள் மேனேஜர்களுக்கு ஏற்பாடு செய்யும் கோச் ஒருவர் வாரக் கடைசியில் தனி ஆட்களுக்கும் நேரம் தருவதாகச் சொன்னாள். கோயம்புத்தூர்க்காரர். என்னைவிட வயதில் சின்னவர். முதல் அரை மணி நேரப் பேச்சு இலவசம் என்றதால் சரி என்றேன். இலவசம் என்பதை எங்கள் ஊரில் யாரும் மறுப்பதில்லை.

"என்ன வேணுங்க உங்களுக்கு?" என்றார்.

"தன்னம்பிக்கை."

"அது வந்துருச்சுன்னு வெச்சுக்கலாம். வந்தா என்ன பண்ணுவீங்க?"

"சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி வகுப்புக்குப் போவேன்."

"அது வராம நீங்க மட்டும் போய் நின்னா, பஸ் நிக்காதுங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. 2,000 ரூபாய்க்கு இதைத்தான் சொல்வார்களா என்று நினைத்தேன். (அன்றைக்கு இலவசம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.) ஆனால் அந்தக் கேள்வி இரண்டு நாள் விடவில்லை. ஆல்பேட்டைப் பாலத்தில் ஸ்கூட்டரில் போகும்போதுகூடத் தொந்தரவு செய்தது. தைரியம் வந்த பிறகு செய்யலாம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த காரியத்துக்குத் தைரியமே தேவைப்படவில்லை. சில்லறை போதும்.

என்னைப் போன்றவர்களுக்கு இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கோச் என்பவர் ஆசிரியர் கிடையாது. அவருக்கு மண்பாண்டம் பற்றி ஒன்றுமே தெரியாது. கிளேஸ் (பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) என்றால் கேக் மேல் ஊற்றுவதா என்று கேட்டார். மனநல ஆலோசகரும் கிடையாது. முதல் பேச்சிலேயே தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று கேட்டுவிட்டு, அப்படி இருந்தால் நான் சரியான ஆள் இல்லை, முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். அப்படி இருப்பவர்கள் 14416க்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

அடுத்த அமர்வில் என் சந்தேகங்களை எழுதச் சொன்னார். எழுதுவதா, நமக்குத் தெரிந்தது லெட்ஜர்தான். நோட்டில் நாலு கட்டம் போட்டேன்: என்ன சந்தேகம், யார் சொன்னது, எப்போது, ஆதாரம் என்ன. எழுத எழுத வேடிக்கையாக இருந்தது. ‘எனக்குக் கைவேலை வராது’ என்பதைச் சொன்னது பள்ளியில் ஒரு தையல் டீச்சர். ஆதாரம், நான் தைத்த ஒரு பட்டன் ஓட்டை. முப்பது வருஷம் அந்த ஒற்றை வவுச்சரை வைத்துக்கொண்டு நான் செலவு எழுதியிருக்கிறேன். ‘முதுகு தாங்காது’ என்பதைச் சொன்னது நான். ஆதாரம், அலமாரியில் இருக்கும் எக்ஸ்ரே. இது உண்மை. அதை நம்பிக்கையால் தீர்க்க முடியாது, நாற்காலியை உயர்த்தித்தான் தீர்க்க முடியும். ‘பணம்’ உண்மை. ‘நேரம்’ பாதி உண்மை.

கடைசி வரி: ‘இது நம்ம வேலையா?’ யார் சொன்னது? எல்லாரும். எப்போது? எப்போதும். ஆதாரம் என்ற கட்டத்தில் எழுதவே தெரியவில்லை.

வீட்டில் அத்தை சொன்னது இது: "சட்டி பானை செய்யறதுக்கா உன்ன பி.காம். படிக்க வெச்சாங்க?" அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். மண்பாண்டம் ஒரு சாதியின் தொழில், அது ‘கீழான’ வேலை, அதைத் தொடாமல் இருப்பது நம் மரியாதை. இது ஒரு பக்கம். மறுபக்கம் புதுச்சேரியின் வெள்ளைச் சுவர் ஸ்டுடியோக்கள். அங்கே அதே மண் வேலை உயர்ந்த கலை. லினன் குர்த்தா, சரளமான ஆங்கிலம், வாரக் கடைசியில் பெங்களூரிலிருந்து வருபவர்கள். ஒரு பக்கம் நான் இறங்கக் கூடாது, இன்னொரு பக்கம் எனக்கு ஏற முடியாது. நடுவில் காட்டன் சேலையும் டிபன் பையுமாக நான்.

கோச் இதைக் கேட்டுவிட்டு அவர்கள் பாடத்தில் இருக்கும் பதிலைச் சொன்னார். "இது உங்களக் கட்டிப்போடற ஒரு நம்பிக்கைங்க. இத மாத்தி யோசிச்சுப் பாக்கலாங்களா?"

"இது என் மண்டைக்குள்ள மட்டும் இல்ல மேடம். தெருவுல இருக்கு."

கோச்சிங் என்ற ஏற்பாட்டின் மேல் எனக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கல் இதுதான். மனிதரின் தடை எல்லாம் அவர் மனதுக்குள் இருக்கிறது, அதை அங்கேயே திருகிச் சரி செய்துவிடலாம் என்ற எண்ணம் அதன் அடியில் ஓடுகிறது. கம்பெனி மேனேஜருக்கு அது பொருந்தலாம். சாதியும் வகுப்பும் ஊர் வாயும் சேர்ந்து எழுப்பிய சுவரை, ‘உங்கள் நம்பிக்கை’ என்று என் தலையில் கட்டுவது நியாயமில்லை.

நல்ல வேளை, அவர் பிடிவாதக்காரர் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதுல எனக்குத் தெரியாதது நிறைய இருக்குங்க. யார்கிட்டப் போய்க் கேட்டா உங்களுக்குத் தெளிவாகும்?" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் அவருக்குக் கட்டிய பணம் மொத்தமும் செல்லும்.

பண்ருட்டிப் பக்கம் குயவர் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கொலுவுக்கு முன்னால் பொம்மை, மார்கழியில் பொங்கல் பானை, மற்ற நாளில் அகல், தண்ணீர்ப் பானை, தொட்டி. உறவினர் ஒருவர் மூலம் அங்கே ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். பெயர் வேண்டாம் என்றார். திண்ணையில் உட்காரச் சொல்லி, நான் வந்த காரணத்தைச் சொல்லி முடிக்கும்வரை ஒரு பானையின் அடியைத் தட்டுப்பலகையால் தட்டிக்கொண்டே இருந்தார். உள்ளே ஒரு கல்லை வைத்துக்கொண்டு வெளியே தட்டித் தட்டி அடியை மெல்லிசாக்குகிற வேலை. ஸ்டுடியோவில் மண்ணைச் சுழற்றும் சக்கரமான வீலில் இது வராது.

"கத்துக்கணும்னு வர்றவங்கள வேணாம்னு சொல்ல நான் யாரும்மா? எம் பசங்களே தொடமாட்டேங்கறானுங்க. ஒருத்தன் நெய்வேலில காண்ட்ராக்ட்ல இருக்கான், ஒருத்தன் திருப்பூர் போய்ட்டான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஒண்ணு. நீ செஞ்சா உம் பேரச் சொல்லி வித்துக்க. பரம்பரை குயவர் பானைன்னு சீட்டு ஒட்டாத. அது எங்களுது."

அப்புறம் அந்த ஸ்டுடியோக்களில் ஒரு கப் என்ன விலை என்று கேட்டார். 600 என்றேன். சத்தமாகச் சிரித்தார். "இந்தப் பானைக்கு எண்பது ரூபா சொன்னா அறுபதுக்குக் கேக்கறாங்கம்மா." அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. உயர்ந்த வெப்பத்தில் சுடுவது, கிளேஸ் விலை, கேஸ் செலவு என்று 600க்குக் கணக்குச் சொல்லலாம். அந்தக் கணக்கு 80க்கும் 600க்கும் இடையில் இருக்கும் எல்லாவற்றையும் விளக்காது. ஆனால் திரும்பி வரும்போது, வாசலைத் தாண்டலாமா என்ற கேள்வி என்னிடம் இல்லை. தாண்டினால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி வந்திருந்தது. இது சுமக்கத் தகுந்த கேள்வி.

கோச் பயன்படுத்திய முறையின் பின்னணியைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் சொன்னது: ஒரு காரியம் தன்னால் முடியும் என்ற எண்ணம் நாலு வழியில் வருகிறது. தானே செய்து பார்த்தது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்ததைப் பார்த்தது, மற்றவர்கள் சொல்லும் ஊக்கம், உடம்பும் மனசும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இதில் பலமானது முதலாவது. ஊக்க வார்த்தை அதற்கு ரொம்பப் பின்னால் நிற்கிறது. வீட்டுக்காரர் பத்து வருஷமாக "நீ நல்லாச் செய்வ, போ" என்று சொல்லியும் எனக்கு ஒன்றும் ஆகாததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அவர் மேல் தப்பில்லை, பாவம்.

அதனால் கோச் என்னைப் பாராட்டவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: "இதுக்கும் சின்னதா ஏதாவது இருக்குங்களா?" வகுப்பில் சேர்கிறேன் என்பேன். அதைவிடச் சின்னது? ஸ்டுடியோவைப் போய்ப் பார்க்கிறேன். அதைவிட? எரிச்சலோடு, "ஃபோன் பண்ணி வீல் ஸ்டூலை உயர்த்தித் தருவாங்களான்னு கேக்கறேன், போதுமா?" என்றேன். "போதுங்க. எப்பக் கேப்பீங்க?" எனக்குப் பிடிக்காத கேள்வி அது. எப்போது, எதற்குப் பிறகு என்று நேரத்தோடு கட்டிவைத்த தீர்மானம் நிறைவேற வாய்ப்பு அதிகம் என்பதற்கு ஆராய்ச்சிகளும் இருக்கின்றனவாம். திங்கள்கிழமை டீ இடைவேளையில் டம்ளரைக் கீழே வைத்ததும் கேட்கிறேன் என்றேன். கேட்டேன். ஸ்டூலுக்கு அடியில் செங்கல் வைத்துத் தருகிறோம் என்றார்கள்.

புதுச்சேரியில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முப்பது வயதுப் பெண். என்னை அக்கா என்பார், நான் ‘வா போ’ என்று பேச மாட்டேன், டீச்சர் டீச்சர்தான். வகுப்பில் எனக்கு உண்மையான தெம்பைக் கொடுத்தது அவர்கூட இல்லை. பக்கத்து வீலில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா. விரல் மூட்டுகள் புடைத்திருக்கும். சுழலும் மண் உருண்டையை நடுவுக்குக் கொண்டுவருவதை, சென்ட்டரிங் என்பார்கள், அவர் உள்ளங்கையின் அடிமேட்டால் செய்வார், விரலே படாது. பண்டூரா சொன்ன இரண்டாவது வழி எனக்கு முன்னால் ஏப்ரன் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சென்ட்டரிங் வராமல் எந்தப் பாண்டமும் வராது. முழங்கையைத் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றி அசையாமல் வைத்தால் மண் அடங்கும், கை மண்ணோடு சேர்ந்து ஆடினால் மண் கையைத் தள்ளும். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, தோள் தூக்கிக்கொண்டு, கை ஆடியது. டீச்சர் ஒன்றே சொன்னார்: "மூச்ச வெளிய விடுங்கக்கா." நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். இது நாலாவது வழி. சந்தேகம் மனதில் இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்த எனக்கு, அது தோள்பட்டையிலும் இருந்தது புதுச் செய்தி.

ரசக் கிண்ணம் நினைத்ததைவிட வம்பானது. ஸ்டோன்வேர் மண் காய்ந்து சுட்டு முடியும்போது பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கும். அதனால் கைக்கு அடக்கமாக வேண்டும் என்றால் கைக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். அடியை நன்றாக அழுத்தாவிட்டால் உலரும்போது எஸ் வடிவத்தில் விரிசல் விடும். முதல் சூடு ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்தில். ஈரம் மிச்சமிருந்தால் நீராவி உள்ளிருந்து வெடிக்கவைக்கும். பிறகு கிளேஸ் பூசி 1,200க்கு மேல். ரசத்தில் புளி இருக்கிறது. ஈயம் கலந்த மலிவான கிளேஸில் புளிப்பு பட்டால் ஈயம் கரைந்து உணவில் இறங்கும். ஆகவே ஈயமில்லாத, முழுசாக உருகிப் படிந்த கிளேஸ்தான் வேண்டும். இதையெல்லாம் கற்கிற நேரத்தில் ‘என்னால் முடியுமா’ என்று யோசிக்க இடமே இருக்காது. ‘அடி காய்ந்ததா’ என்று யோசிக்கவே நேரம் சரியாகிவிடும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரைத் தொடுகிற மழை. புதுச்சேரியில் யாரும் பார்த்திராத மழை. அதற்கு அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து எங்கள் பக்கத்தையும் புரட்டிப்போட்டது. தானே புயலைப் பார்த்த ஊர், 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர், ஆனாலும் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் பயப்படுகிறோம். டீச்சர் அழைத்தார். "அக்கா, கீழ்த் தட்டுல இருந்த உங்க சுடாத பச்சைக் கிண்ணமெல்லாம் கரைஞ்சு போச்சு."

எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. நிம்மதி. அப்பாடா என்று இருந்தது.

இதை வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். கோச்சிடம் சொன்னேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "அந்த நிம்மதிக்கு வாய் இருந்தா என்னங்க சொல்லும்?" என்றார். யோசித்தேன். "போதும். நீ முயற்சி பண்ணிட்ட. இனிமே யாரும் உன்னக் குத்தம் சொல்ல முடியாது." சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது, இது பழைய ஆள்தான். பெண் பத்தாவது முடிக்கட்டும் என்று சொன்ன அதே குடும்பத் தலைவர், புயல் நிவாரண வேஷத்தில் வந்திருக்கிறார். அன்றைய அமர்வில் கிண்ணத்தைப் பற்றி வேறு எதுவும் பேசவில்லை. மீதி நேரம் வெள்ளத்தைப் பற்றித்தான் பேசினோம்.

தண்ணீர் வடிந்த பிறகு கரைந்த சேற்றை ஒரு பக்கெட்டில் அள்ளி வைத்திருந்தார்கள். சுடாத மண் தண்ணீரில் கரைந்தால் மறுபடி களிமண்தான். சுமார் 600 டிகிரி தாண்டிச் சுட்ட பிறகுதான் அது திரும்ப முடியாததாகிறது. இதில் தத்துவம் எதுவும் தேட வேண்டாம். மண்ணின் வேதியியல், அவ்வளவுதான். வடிகட்டி, பிசைந்து, மறுபடி உட்கார்ந்தேன்.

கோச் வைத்துக்கொள்ளலாமா என்று இப்போது இரண்டு மூன்று பேர் கேட்கிறார்கள். யார் வேண்டுமானாலும் நாளைக்கே கோச் என்று கார்டு அடித்துக்கொள்ளலாம். உரிமம் வாங்க வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, ஐசிஎஃப் என்பார்கள், மூன்று நிலைச் சான்றிதழ் தருகிறது. அடி நிலைக்கு 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம் வேண்டும், அடுத்ததற்கு 500, உச்சிக்கு 2,500. சான்றிதழ் இருந்தால் மட்டும் நல்லவர் என்று அர்த்தம் இல்லை, ஆனால் எங்கே படித்தீர்கள், எத்தனை மணி நேரம் செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை. முப்பது நாளில் வாழ்க்கையை மாற்றுகிறேன் என்பவரிடமும், முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்பவரிடமும் போக வேண்டாம். பணமே இல்லையென்றால்? உங்களைப் பாராட்டாத, பயமுறுத்தவும் செய்யாத, ‘எப்பச் செய்வ?’ என்று மட்டும் கேட்கிற ஒரு தோழி கிடைத்தால் முக்கால்வாசி வேலை நடந்துவிடும். அப்படி ஒருத்தி கிடைப்பது கோச் கிடைப்பதைவிடக் கஷ்டம், அது வேறு.

முதல் சூளை ஈட்டில் உருப்படியாக வந்த கிண்ணங்களின் உதடு தடிமன். ரசம் மோவாயில் வழிந்தது. அடுத்த ஈட்டில் உதடு சரியாக வந்தது. உட்புற அடியில் வட்டமாக ஒரு புள்ளி வரி, அரிக்கமேட்டுத் தட்டை நினைத்து, பல் வைத்த சின்னச் சக்கரம் ஒன்றால் ஓட்டினேன். ரசத்தின் மண்டி அந்த வரியில் தங்குகிறது என்று அத்தை புகார் சொன்னார். புகார் சொன்னாலும் ராத்திரி பாலுக்கு அதைத்தான் எடுக்கிறார்.

ஆபீசில் அந்தப் பக்கத்து சீட் அக்கா ஆறு கிண்ணம் கேட்டார். விலை சொல்ல வேண்டிய இடத்தில் பழைய ஆள் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டார். கோச்சுடன் கடைசி அமர்வு முழுக்க இதற்கே போயிற்று. மண், கிளேஸ், சூளைப் பங்கு, உடைந்தவற்றின் நஷ்டம், என் நேரம் என்று அடக்க விலை போட்டதில் 380 வந்தது. 400 என்று சொன்னேன். என் பெயர் மட்டும் பொறித்திருக்கிறேன், வேறு சீட்டு எதுவும் ஒட்டவில்லை. "எவர்சில்வர்ல நாப்பது ரூபாய்க்குக் கிடைக்குமே!" என்றார் அக்கா. "கிடைக்கும்க்கா" என்றேன். ஆறு எடுத்தால் ஒன்று சும்மா தருவாயா என்று வாட்ஸ்ஆப்பில் கேட்டார். முடியாது என்று அனுப்பினேன். ரொம்ப நேரம் நீல டிக் மட்டும் இருந்தது. அப்புறம் பதில் வந்தது: "சரி. மூடி போட்டுத் தருவியா?"

மூடி நான் செய்ததே இல்லை. கிண்ணமும் மூடியும் ஒரே மண்ணில், ஒரே நாளில் செய்து, ஒன்றாக உலர்த்த வேண்டும், இல்லையென்றால் சுருக்கம் மாறி ஒன்றோடொன்று பொருந்தாது என்கிறார்கள். சனிக்கிழமை டீச்சரிடம் கேட்க வேண்டும்.